அச்சடித்தால் கைவேலை இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கைவினைச் சந்தையில் நான் வரைந்த காமிக்ஸ் புத்தகத்தை விற்கச் சனிக்கிழமை மேசை போட்ட படத்துக்கு அத்தனை பேர் வாழ்த்து சொன்னீர்கள். மறுநாள் அதே மேசையை நகர்த்தி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தியதையும் பார்த்தீர்கள். "இதைப் போய் ஏன் பெரிசுபடுத்துறே?" என்று இரண்டு பேர் உள்பெட்டியில் வந்து கேட்டார்கள். சரி, பெரிசுபடுத்தியே விடுகிறேன்.

"மேடம், இது பிரிண்ட். ஹேண்ட்மேட்ல வராது." சொன்னது இவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. சந்தை நடத்துபவர்களின் அட்டை கழுத்தில் தொங்கிய அந்தத் தம்பி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு மேசையின் ஒரு முனையை அவரே தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன்.

அந்த 32 பக்கத்தை வரைய எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆபீஸ் முடிந்து வந்து, ஏ3 தாளில் 2பி பென்சிலால் கட்டம் பிரித்து, அதன் மேல் இந்தியன் இங்க். பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்தும் கையால் எழுதியதுதான். கம்ப்யூட்டர் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன், ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. தமிழில் குமிழி எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "போய்க்கொண்டிருக்கிறேன்" ஒரே சொல், 11 எழுத்து. அதை ஒரு குட்டிக் குமிழிக்குள் அடைக்க முடியாது, நடுவில் உடைத்தால் பார்க்க அசிங்கம். கடைசியில் அந்தப் பாத்திரத்தை "வரேன்" என்று சொல்ல வைத்தேன். இப்படி ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு பஞ்சாயத்து. இது கைவேலை இல்லையாம்.

என் கடைக்கு நான்காவது கடையில் அச்சுக்கட்டையால் ஒத்தி எடுத்த துப்பட்டா. அருமையான வேலை, நானே ஒன்று வாங்கினேன். ஒரு கட்டையைச் செதுக்கி நூறு துணியில் ஒத்தினால் அது கைவினை. ஒரு பக்கத்தை வரைந்து நூறு தாளில் அச்சடித்தால் மட்டும் பிரிண்ட். எப்படி? "கட்டையைக் கையால் அழுத்துகிறார்களே" என்பீர்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நுழைவாயிலுக்கு நேர் எதிரே, மொத்த விலைக்கு வாங்கி வந்த பிரிட்ஜ் காந்தங்களைப் பரப்பி வைத்திருந்த கடையை எந்தக் கை அழுத்தியது? பாரிமுனையில் டஜன் கணக்கில் தொங்குகிற அதே ஆட்டோ, அதே ஃபில்டர் காபி டம்ளர். அதை யாரும் நகர்த்தவில்லை.

"விண்ணப்பத்தைப் படித்திருக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்கிறார். படித்தேன் ஐயா. "கைவினை மற்றும் ஓவியம்" என்று இருந்தது. மாதிரிக்கு நான்கு பக்கம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பார்த்துவிட்டுத்தான் 4,500 ரூபாய் வாங்கினார்கள். வாங்கும்போது அது ஓவியமாகத்தான் இருந்தது.

"புத்தகக் கண்காட்சிக்குப் போயிருக்கலாமே." போகலாம். சென்னையில் 1977-லிருந்து நடக்கிறது, சின்ன வயதிலிருந்து நானும் போகிறேன். ஆனால் ஒரே ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துக்கொண்டு அங்கே தனிக் கடை எப்படிப் போடுவது? அங்கே போனால் இது புத்தகமே இல்லை, பின் அடித்த நோட்டு. இங்கே வந்தால் இது புத்தகம். எங்கேதான் போவது?

வந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "குழந்தைகளுக்கா?" என்று கேட்காதவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தூரத்திலிருந்தே முகம் மலர்ந்து வந்து, "இரும்புக்கை மாயாவி இருக்கா?" என்றார். 1972-இல் முத்து காமிக்ஸ் அந்த மாயாவி கதையோடு வந்த காலத்துக்கே போய்விட்டார் மனிதர். இல்லை என்றதும் முகம் வாடியது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இன்னொருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றே படித்தார், இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு புத்தகத்தை அடுக்கின் மேல் வைத்து ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுதே, 150 ரூபாயா?" என்றார். தோசைகூட பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது சார்.

கணக்கு கேட்டவர்களுக்கு: திருவல்லிக்கேணியில் நூறு பிரதி அடித்தேன். அட்டை மட்டும் கலர், பிரதிக்கு 68 ரூபாய். விற்றது 31. அதில் 27 சனிக்கிழமை விற்றவை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான்கு. வந்த 4,650-இல் கடை வாடகை போக 150 மிச்சம். அச்சுச் செலவு அப்படியே நிற்கிறது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றாரே என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அவர் செல்லப்பா. எனக்கு ஆட்டோவுக்கே 420 ஆனது.

பணம்கூடப் பெரிதில்லை. எங்கள் அப்பா பல்லாவரத்தில் போர்டு ஆர்ட்டிஸ்ட். நீலப்பொடி தடவிய நூலின் ஒரு முனையை இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார். சுவரில் பளிச்சென்று ஒரு கோடு விழும். மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. நான் பள்ளி முடிப்பதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. "அதுல ஒரே ராத்திரில அடிச்சுக் குடுக்கிறான், உனக்கு எதுக்குப்பா நாலு நாள்?" என்று கேட்ட கடைக்காரர்களை எனக்குத் தெரியும். பிரிண்ட் வந்து அப்பாவின் பிரஷ்ஷைப் பிடுங்கியது. இருபது வருடம் கழித்து அவர் பிள்ளை அதே பிரஷ்ஷை எடுத்தால், "நீங்க பிரிண்ட் மேடம்" என்கிறார்கள். யாரிடம் சொல்லி அழுவது?

அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கதையைப் படிக்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்தை மட்டும் பார்த்தார். "17-ஆம் பக்கத்துல 'ள' சாஞ்சிருக்கு" என்றார்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு இரவு பெட்டி கட்டும்போது அதே தம்பி வந்தார். அக்கா பையன் நன்றாக வரைவானாம், "ஒண்ணு காம்ப்ளிமென்டரியா கிடைக்குமா மேடம்?" என்றார். எத்தனையோ பதில் வாய் வரை வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன், அந்தப் பையன் பெயரைக் கேட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாளாக எனக்கு என் மேல்தான் எரிச்சல்.

68 பிரதி வீட்டில் இருக்கிறது.