பக்தபூருக்கு அரை நாள் போதாது

காத்மாண்டு போகிறவர்களின் பயணத் திட்டத்தில் பக்தபூருக்கு ஒரு மதியம்தான் ஒதுக்கியிருப்பார்கள். 13 கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு போய் நியாத்தபோல கோயில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்கு. பூபதீந்திர மல்லர் 1702-இல் எழுப்பிய அந்த ஐந்தடுக்குக் கோயில் 1934, 2015 என்று இரண்டு பெரிய நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் இந்த ஊரை மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்பேன். பானை, தயிர், சுவர், கூரை, சாமி முகமூடி எல்லாவற்றிலும் இங்கே மண் இருக்கிறது.

முதலில் தாலாக்கோ குயவர் சதுக்கம். பிரஜாபதி குடும்பங்கள் வனையும் பானைகள் வெயிலில் காயும். சூளைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. பானைகளை வைக்கோலோடு அடுக்கி, மேலே வைக்கோலும் சாம்பலும் போட்டு மூடி, தீ மூட்டி நாள்கணக்கில் கனல விடுவார்கள். ஈரம் போகாத பானை உள்ளேயே வெடிக்கும். மூடாக்கு ஓரிடத்தில் திறந்துகொண்டால் குளிர்காற்று பட்டு விரிசல் விழும். மழைக்காலத்தில் பானை காயாது. அறுவடை நேரத்தில் போனால் சதுக்கம் முழுக்க நெல் காயும்.

அங்கே சுட்ட சட்டியில்தான் ஜூஜூ தௌ என்ற இனிப்புத் தயிர். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றிச் சட்டியில் விட்டு, உமிப் படுக்கையில் வைத்துக் கம்பளியால் போர்த்துவார்கள். சூடு அதிகமானால் உறை செத்துவிடும். உறையும் நேரத்தில் சட்டி அசைந்தால் தயிர் நீர்விடும். மிஞ்சிய நீரை உறிஞ்சுவது மண்சட்டி. பிளாஸ்டிக் டப்பாவில் அந்தக் கெட்டி வராது. விலை குறைவு என்று டப்பாவை வாங்காதீர்கள், குயவர் பிழைப்பும் அந்தச் சட்டியில்தான் இருக்கிறது.

அடுத்து சுவரைப் பாருங்கள். வெளிமுகத்தில் ஆப்பு வடிவச் செங்கல், தாச்சி ஆப்பா என்பார்கள். அகன்ற முகம் வெளியே, குறுகிய பக்கம் உள்ளே இருக்கும்படி வைப்பதால் மண் சாந்து வெளியே தெரியாது, மழையும் அதை அரிக்காது. உள்பக்கம் சுடாத செங்கல், நடுவில் உடைகல்லும் மண்ணும். இந்தச் சுவருக்கு எமன் கூரை ஒழுகல். ஜிங்கட்டி ஓடுகளைப் பலகைமேல் மண் பரப்பிப் பதிக்கிறார்கள். அந்த மண்ணில் விதை முளைத்தால் வேர் ஓட்டைத் தூக்கும், நீர் இறங்கும், நடுமண் கரையும், வெளிச்சுவர் வயிறு தள்ளும். அப்புறம் ஒரு நடுக்கம் வந்தால் சுவர் இரண்டாகப் பிளக்கும். இதற்குப் பயந்து சிமென்ட் பூசுவது இன்னும் மோசம். ஈரம் உள்ளேயே அடைபட்டு உத்தரக்கட்டை உளுத்துப்போகும்.

ஆகவே புல் பிடுங்குவதும் ஓடு மாற்றுவதும் ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும். கோயில்களுக்கு அந்தச் செலவைக் காலங்காலமாகக் கொடுத்தது குத்தி நிலங்களின் விளைச்சல். குத்தி என்றால் கோயில் காரியங்களுக்கு நிலம் எழுதிவைத்து நடத்தும் அறக்கட்டளை. 1964-இல் குத்தி சன்ஸ்தான் என்ற அரசு அமைப்பு அமைந்து ஏராளமான நிலம் அரசு நிர்வாகத்துக்குப் போனது. 2019-இல் புதிய குத்தி மசோதா வந்தபோது நேவார் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி, அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். 2015-க்குப் பிறகு பக்தபூர் நகராட்சி ஒப்பந்ததாரரை ஒதுக்கிவிட்டு, அந்தந்தப் பகுதி மக்களின் குழுக்களிடமே சீரமைப்பை ஒப்படைத்தது. இதைவிடச் சரியான முடிவு எனக்குத் தெரியவில்லை. ஓடு பதிக்கக் கற்ற கை ஊரிலேயே தங்கும், அடுத்த ஒழுகலுக்கு யாரையும் தேடி அலைய வேண்டாம்.

நவதுர்க்கை முகமூடிகளும் மண் கலந்து செய்பவைதான். சித்திரகார் குடும்பத்தினர் செய்வார்கள், வனமாலா சமூகத்தினர் தசைனில் (நேபாளத்துத் தசரா) தொடங்கி மாதக்கணக்கில் ஊர் ஊராக அணிந்து ஆடுவார்கள். பருவம் முடிந்ததும் முகமூடிகளை எரித்து, அந்தச் சாம்பலை அடுத்த ஆண்டு மண்ணில் சேர்ப்பார்கள். கடையில் தொங்குபவை விற்பனைக்குச் செய்தவை. ஆடிய முகமூடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு இரவாவது ஊருக்குள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகு சத்திரத் திண்ணைகளில் தாஃபா பஜனை கேட்கும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சில நாள் தங்குவதாக முதலிலேயே கவுன்ட்டரில் சொன்னால் ஒரு வாரம் வரை அதே சீட்டு செல்லும்.