ரம்புக்கனையோடு முடியும் இரண்டாவது தண்டவாளம்

சில வருடங்களுக்கு முன் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயில் ஏறினேன். ரம்புக்கனை தாண்டியதும், "சித்தப்பா, பக்கத்துல இருந்த தண்டவாளம் எங்க?" என்றான். அதோடு சரி, இனி பதுளை வரைக்கும் ஒன்றுதான் என்றேன்.

மலை ஏறிய பிறகு ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். கொழும்புக்கு இறங்கும் ரயில் வந்து சேர்ந்தால்தான் நமக்கு வழி. வடைக்காரர் இரண்டு தரம் பெட்டி நெடுக நடந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தோளில் ஒரு பெரிய வளையத்தை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றார். அதில் தொங்கும் பைக்குள் இருக்கும் தகடுதான் டெப்லட். அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டெப்லட்தான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இல்லாமல் சாரதி நகரமாட்டார். எதிர் ரயில் அரை மணி தாமதம் என்றால் நாமும் அரை மணி தாமதம். நமக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் பொடியன் போனில் நாடு நாடாகத் தேடினான். சீனாவில் 2023 முடிவில் 159,000 கிலோமீற்றர் பாதை, அதில் 60 வீதம் இரட்டை. "நம்ம நாடு வேஸ்ட்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

இந்த வீதக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் ரயில் பாதை 2 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல், பெரும்பகுதி ஒற்றைதான். அங்கே ஓடுவது முக்கால்வாசி சரக்கு. நிலக்கரி வண்டி ஒதுக்குப் பாதையில் ஒரு மணி நேரம் நின்றால் யாரும் கோபிக்கப்போவதில்லை. சுவிஸ் மலைப்பாதைகள் பலவும் ஒற்றைதான். ஆனால் இரண்டு ரயிலும் எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்குச் சந்திக்க வேண்டும் என்பதை வைத்தே அட்டவணை போடுகிறார்கள், அதன்படி ஓட்டவும் செய்கிறார்கள். நம்மிடம் இல்லாதது அந்த அட்டவணைப்படி ஓட்டுவதுதான். (இன்னொன்று: சிலர் பாதை நீளத்தைச் சொல்வார்கள், சிலர் தண்டவாள நீளத்தை. 100 கிலோமீற்றர் இரட்டைப் பாதை, தண்டவாளக் கணக்கில் 200. இரண்டையும் கலந்து ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் நிறைய.)

ஆகவே எத்தனை வீதம் என்பதை விட்டுவிட்டு எங்கே என்று கேட்போம். மருதானையிலிருந்து ராகமை வரை இரண்டுக்கு மேலேயே இருக்கிறது. கரையோரத்தில் களுத்துறைப் பக்கம் வரை இரட்டை, அதனால் வெள்ளவத்தைக்காரருக்குக் கவலை குறைவு. களனிவெளிப் பாதையைப் பாருங்கள். நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம. கொழும்பின் நெருக்கமான புறநகர்கள், ஓடுவது ஒரே தண்டவாளத்தில். சின்ன ரயிலுக்காக அந்தக் காலத்தில் வளைத்து வளைத்துப் போட்ட பாதை. 1990களில் தண்டவாள இடைவெளியை அகலமாக்கினார்கள், வளைவுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் போகும் ஹைலெவல் வீதியில் பஸ்ஸில் தொங்குகிற சனத்தில் பாதி அந்த ரயிலில் இருக்க வேண்டியவர்கள். பத்து கிலோமீற்றருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் அங்கேதான் போடுவேன், வீதம் ஒரு புள்ளி கூட ஏறாவிட்டாலும்.

பொடியனுக்கு இது பிடிக்கவில்லை. பதுளை வரை இரண்டாவது தண்டவாளம் வேண்டுமாம். ரம்புக்கனைக்கு அப்பால் ரயில் ஏறுகிற கடுகண்ணாவை மலையை யார் வெட்டுவது என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.