பதினோரு மணிக்கு மேல்தான் என் நேரம்

நேற்றும் படுக்க ஒன்றரை ஆகிவிட்டது. ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் என்று தெரியாதா? தெரியும். கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர் நண்டு கழுவுவதை ஹேண்ட்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நண்டே சாப்பிடுவதில்லை.

2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள்: வெளித்தடை எதுவும் இல்லாதபோதும், நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போகாமல் இழுத்தடிப்பது. மனக்கட்டுப்பாடு குறைந்தவர்களிடம் இது அதிகமாம். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த ‘வெளித்தடை இல்லை’ என்ற இடத்தில்தான் எனக்குச் சண்டை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாரென்றால் மிச்சப் பொழுது அவருடையது. ஆடு, கத்தரிச் செடி, கோயில் திடலில் ஊர்வம்பு. ஒன்பது மணிக்குக் குறட்டை கேட்கும். பத்துக்குத் தோட்டத்து ஜெனரேட்டரும் நின்றுவிடும். அந்தச் சம்பளத்தையும் ஒழுகும் லயத்து வீட்டையும் நான் புகழ வரவில்லை. பேசிப் பேசி ஆசை தீர்ந்து தூங்கப் போனார், அதைத்தான் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயிலிருந்து கூலிமில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகிறேன். ஏழுக்கு ஏழு, ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையும் சேர்த்து. 2023-இல் வார வேலை நேரத்தை 48-இலிருந்து 45 மணியாகச் சட்டம் குறைத்தது, நல்லதுதான். ஆனால் ஓ.டி. இல்லாமல் வீட்டுக் கடன் கட்ட முடியுமா? வந்ததும் சமையல், பாத்திரம், சின்னவளின் வீட்டுப்பாடம். பதினோரு மணிக்குத்தான் யாரும் ‘அம்மா’ என்று கூப்பிடாத நேரம் தொடங்குகிறது.

எங்கள் லைனில் இருக்கும் சீனத் தோழி, மாண்டரினில் இதைப் ‘பழிவாங்கும் கண்விழிப்பு’ என்பார்கள் என்றாள். பகலை எடுத்துக்கொண்டவர்களிடம் இரவில் கணக்குத் தீர்ப்பது. எனக்கு இந்தப் பெயர்தான் பொருந்துகிறது. ஆனால் அடி விழுவது என் உடம்பில். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துதான் தூக்கம் கண்ணை அழுத்துகிறது. மூன்று மணிக்குக் குடிக்கும் கோப்பி அந்த அழுத்தத்தை மறைக்கத்தான் செய்கிறது, குறைப்பதில்லை. அதில் பாதி எட்டு மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், எனக்குக் கிடைப்பது நாலுக்கும் குறைவு.

போதாததற்கு, 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். இங்கே விடியவே ஏழு தாண்டிவிடும். நான் பஸ் ஏறும்போது ஊரே கும்மிருட்டு.

“ஹேண்ட்போனைத் தூக்கி அலமாரியில் வை, தானா தூக்கம் வரும்” என்றார் வீட்டுக்காரர். போன வாரம் வைத்தும் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.