லேசர் செத்த எலும்பை உயிர்ப்பிக்காதுங்க

ஈரோட்டு அண்ணா, ‘எலும்பு ஊசியால் (எலும்பு வலுவிழக்காமல் இருக்கப் போடும் ஊசி) செத்துப்போன தாடை எலும்புக்கு லேசர் காட்டினால் உயிர் வந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறுங்க. செத்த எலும்பு செத்ததுதான். எர்பியம் லேசர் அதைச் சீவி எடுக்கும் கருவி. டிரில் செய்யும் வேலையை, எலும்பை அதிகம் சூடாக்காமல் செய்கிறது. அதுவும் ஆபரேஷன்தான். குறைந்த சக்தி லேசர் வேறு. வலி குறையவும் புண் ஆறவும் துணைக்குத்தான் அது.

எங்கள் பெரியம்மாவுக்குப் புற்றுநோய். கோயம்புத்தூரில் சொத்தைப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே சோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்பு ஊசி போட்டார்கள். தாடை எலும்பு சாகாமலிருக்க அந்த முன்யோசனைதான் பெரிய காப்பு.

அப்புறம், பயந்துகொண்டு டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், முதுகெலும்பு முறியக்கூடும். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு தெரிந்தால் உடனே தாடை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.