வாளுக்குப் பத்து, எதிரிக்கும் பத்து: சமன் ஆகாது

'ஆர்பிஜி மேக்கரில் (கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்) வாளின் அட்டாக்கை, அதாவது தாக்கும் வலிமையை, பத்து கூட்டினால் எதிரியின் டிஃபென்ஸையும், அதாவது தடுக்கும் வலிமையையும், பத்து கூட்டுங்கள், சமனாகிவிடும்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. எம்வி பதிப்பில் வழக்கமான சேதக் கணக்கு, அட்டாக்கின் நான்கு மடங்கிலிருந்து டிஃபென்ஸின் இரு மடங்கைக் கழிப்பது. அட்டாக் 30, டிஃபென்ஸ் 20 என்றால் அடி 80. இரண்டிலும் பத்து கூட்டினால் 100! எதிரி முன்பைவிடச் சீக்கிரம் சாவான்.

அப்படியானால் டிஃபென்ஸை இருபது கூட்டலாமே என்று தோன்றும். வாளேந்திய வீரனுக்குச் சரி, மறுபடி 80தான். ஆனால் அவனோடு அதே அணியில் இருக்கும், அட்டாக் 15 உள்ள மந்திரவாதியின் கைத்தடி அடி பூஜ்யமாகிவிடும். பாவம், மந்திர சக்தி தீர்ந்தால் அவர் சும்மா நிற்க வேண்டியதுதான். டிஃபென்ஸைத் தொடாமல் எதிரியின் உயிர்ப்புள்ளியை 300லிருந்து 450 ஆக்குங்கள். வீரனின் அடி 120 ஆவதால் சண்டை நீளம் மாறாது, மந்திரவாதிக்கும் 20 கிடைக்கும்.