காமா கதிர் பட்ட மிளகாய்த்தூள் கதிரியக்கம் ஆகாது

அக்கா, நம் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குழுவில் சுற்றும் செய்தி இதுதான்: காமா கதிர் பாய்ச்சிய மசாலாப் பொட்டலம் கதிரியக்கம் ஆகிவிடும், சமையலறையில் வைத்தால் அதிலிருந்து கதிர் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பயம் வருவது நியாயம். ஆனால் அப்படி நடப்பதில்லை.

மசாலாவில் உள்ள கிருமியைக் கொல்லக் கதிர் பாய்ச்சப் பயன்படும் கதிரியக்க உலோகம் கோபால்ட்-60. அது வெளிவிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். கிருமியைக் கொல்ல அது போதும். மிளகாயின் அணுக்கருவை மாற்றப் போதாது. டார்ச்சை அணைத்ததும் சுவர் இருட்டாகிவிடும் அல்லவா, அப்படித்தான். கோபால்ட் எஃகு உறைக்குள் மூடியே இருப்பதால் தூளில் ஒட்டவும் வழியில்லை. கதிரியக்கத் தூசு உணவில் விழுவது வேறு விஷயம், அது உண்மையிலேயே ஆபத்து.

நீங்களே சோதிக்கலாம். படிவம் 5 இயற்பியலில் அணுக்கருப் பாடம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் கதிரை எண்ணிக் காட்டும் கைகர் கருவி இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வட்டத்துக்குள் இரண்டு இலை போட்ட பச்சை அடையாளம் உள்ள பொட்டலம் ஒன்று, கதிர் பாய்ச்சாதது ஒன்று. அதே மசாலா, அதே தூரம், பத்துப் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் கதிர் பாய்ச்சியதில் கூடுதலாக எதுவும் வராது.