"அண்ணே, இதுல ரெண்டு கொடுங்க"

மெடிக்கல் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கூட்டம் கலையும்வரை பேஸ்ட், பிரஷ் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அப்புறம் போனில் ஒரு மாத்திரை அட்டையின் போட்டோவைக் காட்டி, "அண்ணே, இதுல ரெண்டு" என்பார். யாருக்கு? நண்பனுக்கு. என்ன தொந்தரவு? "சூடு, நீர்க்கடுப்பு." உடலுறவில் தொற்றும் பால்வினை நோய் என்று சொல்ல வாய் வராது. அட்டை பெரும்பாலும் அசித்ரோமைசின், இல்லாவிட்டால் செஃபிக்ஸிம்; இரண்டுமே கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்.

செஃபிக்ஸிம் எச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. 2014-லிருந்து அதை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். அங்கே கிடைத்தும் விடும், ஒளிப்பானேன்.

வெட்டை என்று நம்மூரில் சொல்கிற கொனோரியா லேசுப்பட்ட கிருமி இல்லை. 1930-களில் சல்ஃபா மருந்துக்குக் கேட்டது, சில வருடங்களில் கேட்காமல் போனது. பிறகு பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று வரிசையாகத் தோற்றன. அமெரிக்காவில் 2007-ல் சிப்ரோ வகையைக் கைவிட்டார்கள். 2012-ல் செஃபிக்ஸிமையும் முதல் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான். 2018-ல் பிரிட்டனில் ஒருவருக்கு அந்த ஊசியும் கேட்கவில்லை, அசித்ரோமைசினும் கேட்கவில்லை. கடைசியில் எர்டாபெனம் என்ற பெரிய மருந்தை நரம்பில் ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள். போட்டோ காட்டி வாங்குகிற ரெண்டு மாத்திரை இந்தக் கிருமியோடுதான் மோதப்போகிறது.

சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோய் நேர் எதிர். 1943-ல் பென்சிலினுக்கு அடங்கியது, இன்றும் அடங்குகிறது. ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஊசி, ஒரே தடவை போட்டால் போதும். சிக்கல் என்னவென்றால் இந்த நோயில் முதலில் வரும் புண் வலிக்காது, சில வாரத்தில் தானாகவே ஆறியும் விடும். அந்த நேரம் பார்த்து லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கியிருந்தால் பேர் லேகியத்துக்குப் போகும். கிருமி உள்ளேயே இருக்கும்.

ஆனால் என் ஆதங்கமெல்லாம் வீட்டில் இருக்கும் மனைவியைப் பற்றித்தான். கொனோரியா, அதேபோல் உடலுறவில் தொற்றும் கிளமிடியா இரண்டுமே பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. இவர் ரகசியமாக மாத்திரை போட்டுத் தேறியும் விடலாம். மனைவிக்குத் தெரியாமலே அவர் உடம்பில் கிருமி தங்கி, கருக்குழாய் அடைத்து, குழந்தையில்லை என்று கோயில், ஆஸ்பத்திரி என அலையும்போது பழி மட்டும் அந்தப் பெண் மேல் விழும். இதற்கிடையில் மனைவியிடமிருந்தே இவருக்குத் திரும்பவும் ஒட்டும். மறுபடி கடைக்கு வந்து "போன தடவை மாத்திரை வேலை செய்யல, இன்னும் பவரா ஏதாவது கொடுங்க" என்பார். மாத்திரை வேலை செய்தே இருந்தாலும் ஐயா, பாதி வேலைக்குத்தான் நீங்கள் வாங்கினீர்கள்; மனைவிக்கு வைத்தியம் பார்க்கவில்லையே.

நான் கடையில் சொல்வது ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. பரிசோதனை, ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். மருந்துப் பெட்டிகளை நோய்க்கு ஏற்ற நிறத்தில் பிரித்து வைத்திருப்பார்கள், துணைக்கும் சேர்த்தே தருவார்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்குக்கூடக் கவுன்சிலர் உண்டு. ஆஸ்பத்திரியில் போய் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் அரசின் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள், பக்கத்தில் எந்த மையம் என்று சொல்வார்கள்.